உடல் இளைக்க நார்ப்பொடி

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை, அம்பத்தூரில் என் வீட்டு வாசலில் அமர்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் வந்து நின்றாள். ஆவடிக்கு அப்பால் உள்ள ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள். நன்றாகப் படிக்கும் பெண். அவள் கையில் ஒரு டப்பா இருந்தது. அதன் மேல் மெலிந்த இடையுடைய ஒரு நங்கையின் படமும், ‘பசியை அடக்கும் இயற்கை நார்ச்சத்து’ என்ற சொற்களும் காணப்பட்டன.

“மாமா, இது நல்லதா, கெட்டதா? சொல்லுங்கள்” என்றாள்.

நான் மருத்துவன் அல்லேன். முப்பது ஆண்டுகள் கல்லூரி மாணவர்க்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் அண்டை வீட்டார் மருந்துச் சீட்டையும் உரப் பையையும் ஒன்றாகவே என்னிடம் கொண்டுவருவது வழக்கமாகிவிட்டது. “ஏன் கேட்கிறாய்?” என்றேன். அவள் தன் தோழிக்கு நேர்ந்ததைக் கூறினாள்.

அத்தோழி பூந்தமல்லியில் வசிப்பவள். நாள்தோறும் பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்கு வரும் பேருந்தில் கல்லூரிக்குப் போகிறவள். இருவரும் சேர்ந்தே அந்தப் பொடியை வாங்கியிருக்கின்றனர். உணவுக்கு அரை மணிக்கு முன் ஒரு கரண்டிப் பொடியை ஒரு பெரிய குவளை நீரில் கலக்கிக் குடிக்கவேண்டும் என்பது டப்பாவின் பின்புறத்தில் கண்ணுக்கு எட்டாத சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. தோழிக்குக் காலையில் நேரமில்லை. ஓடும் பேருந்தில் நின்றபடி பொடியை அப்படியே வாயிலிட்டு, புட்டியில் எஞ்சியிருந்த இரண்டு மிடறு தண்ணீரைக் குடித்திருக்கிறாள். சற்று நேரத்தில் நெஞ்சுக்குழியின் மேலே ஏதோ அடைத்தாற்போல் இருந்தது. இறங்கியதும் மேலும் தண்ணீர் குடித்தாள். அது உள்ளே போகாமல் திரும்பி வந்தது. பிறகு தன் உமிழ்நீரையும் விழுங்க முடியவில்லை. மாலையில் மருத்துவமனையில் ஒரு குழாயை உணவுக்குழாய்க்குள் செலுத்தி, அங்கே திரண்டு நின்ற களிம்புக் கட்டியை எடுத்தார்களாம். தோழி நலமடைந்துவிட்டாள். ஆனால் வகுப்பில் ஒரு வழக்கு எழுந்துவிட்டது. பொடியின் மேல் குற்றம் என்பார் சிலர். விதியைப் படிக்காத பெண்ணின் மேல் குற்றம் என்பார் சிலர்.

“உன் கட்சி எது?” என்று கேட்டேன். “எனக்கு இன்னும் பாதி டப்பா இருக்கிறது, மாமா. அதனால்தான் வந்தேன்” என்றாள்.

வழக்கைத் தீர்க்குமுன் சாட்சியை விசாரிப்போம் என்று சொல்லி, மூன்று கண்ணாடிக் குவளைகளைக் கொண்டுவரச் செய்தேன். முதற் குவளையில், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் இசப்கோல் உமி ஒரு தேக்கரண்டி. இரண்டாவதில், கோடையில் சர்பத்திலும் பாலூதாவிலும் இடுகிறோமே, அந்தச் சப்ஜா விதை ஒரு தேக்கரண்டி. மூன்றாவதில் டப்பாவின் பொடி. ஒவ்வொன்றிலும் கால் குவளை நீர் ஊற்றினோம்.

சப்ஜா விதை சில நிமிடங்களில் தவளை முட்டை போலக் கண்ணாடிப் போர்வை போர்த்துக்கொண்டது. இசப்கோல் மெல்லப் பருத்து, கஞ்சியாகிப் பின் களியாயிற்று. மூன்றாவது குவளைதான் காணத்தக்கது. பொடியைக் கிளறாமல் விட்டிருந்தோம். நீர் பட்ட மேற்பரப்பு நொடியில் பசையாகிவிட்டது. அப்பசையே ஓர் உறையாகி, உள்ளிருந்த பொடிக்கு நீர் போகாமல் தடுத்தது. விளைவாகக் குவளையின் அடியில் வெளியே வழவழப்பும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டிகள் நின்றன. கரண்டியால் ஒன்றைப் பிளந்தால் உள்ளே வெண்பொடி அப்படியே இருந்தது. கால் மணி நேரம் கழித்துக் குவளையைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டும் விழவில்லை.

அந்தப் பெண் நெடுநேரம் அந்தக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்முடைய உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செண்டிமீட்டர் நீளமுள்ள ஒரு மெல்லிய தசைக்குழாய். உணவு இல்லாதபோது அது சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கும். அதன் ஈரச் சுவரில் உலர்ந்த பொடி படியுமானால், குவளையில் நாம் கண்டது அங்கே நிகழும். மேலிருந்து இன்னும் நீர் ஊற்றினால் கட்டி கரையாது, இன்னும் பருக்கும். இரைப்பையில் வீங்கவேண்டிய பொருள் வழியிலேயே வீங்கிவிடுகிறது. பொடிக்கு இரைப்பை எது, தொண்டை எது என்று தெரியாது. நீர் எங்கே கிடைக்கிறதோ அங்கே அது தன் வேலையைச் செய்யும்.

இனி, இந்த நார்ச்சத்து என்பதுதான் யாது? நாம் உண்ணும் தாவர உணவில் மாவுப்பொருளை நம் உடல் செரித்துச் சர்க்கரையாக்கிக் கொள்கிறது. ஆனால் தாவரத்தின் செல்சுவர்களிலும் விதைகளின் உறையிலும் உள்ள வேறு சில மாப்பொருள் வகைகளைப் பிளப்பதற்குரிய நொதி நம்மிடம் இல்லை. அவை சிறுகுடலைச் செரிக்கப்படாமலே கடந்து பெருங்குடலுக்குச் செல்லுகின்றன. இவற்றுக்கு ‘உணவு நார்’ என்னும் பெயரை 1953-ஆம் ஆண்டில் இப்சிலி என்ற மருத்துவ அறிஞர் முதன்முதலாக வழங்கினார். அதுவரை அது வெறும் சக்கை என்றே கருதப்பட்டது. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பர்க்கிட், டிரவுல் என்னும் மருத்துவர்கள் 1970-களில் எழுதியவற்றால் சக்கையின் பெருமை உலகெங்கும் பரவியது. நாரில் இரண்டு பிரிவுகளைச் சொல்லுவர். கோதுமைத் தவிட்டைப்போல நீரில் கரையாதது ஒன்று. இசப்கோலைப்போல நீரை ஈர்த்துக் கூழாவது மற்றொன்று. இளைக்கும் பொடிகள் பெரும்பாலும் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவை.

டப்பாவில் அடங்கியிருந்த பொருள்களின் பெயரைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதற் பெயர் குளுக்கோமன்னான். இரண்டாவது பெயர் குவார் பிசின். இரண்டும் அயல்நாட்டுப் பிரபுக்களின் பெயர்களைப்போல் ஒலிக்கின்றன. குவார் என்பது வேறொன்றுமில்லை, நம்முடைய கொத்தவரை. பிஞ்சாகப் பறித்தால் பொரியலும் வற்றலும்; முற்றவிட்டு விதையின் உள்ளீட்டை அரைத்தால் இந்தப் பிசின். உலகத்திற்கு வேண்டிய குவார் பிசினில் மிகப் பெரும் பங்கு இந்தியாவில், அதிலும் இராசத்தானத்தின் வறண்ட நிலங்களில் விளைகிறது. பனிக்கூழில் பனிப்படிகம் தட்டாமல் இருக்க அதைச் சேர்க்கின்றனர். பூமிக்குள் பாறையைப் பிளந்து எண்ணெயும் வாயுவும் எடுப்போர் நீரைக் கெட்டியாக்க அதையே பயன்படுத்துகின்றனர். 2012-ஆம் ஆண்டையொட்டி அவர்களுடைய தேவையால் கொத்தவரை விதையின் விலை விண்ணை முட்டியது. குளுக்கோமன்னானோ கொன்சாக்கு என்னும் கிழங்கிலிருந்து கிடைப்பது. சப்பானிலும் சீனத்திலும் நெடுங்காலமாக உணவாக இருப்பது. அக்கிழங்கு நம் சேனைக்கிழங்கின் பேரினத்தையே சேர்ந்தது. ஆக, காய்கறிக் கடையில் நம் அன்னையர் பேரம் பேசி வாங்கும் கொத்தவரைக்கும், சேனையின் ஒன்றுவிட்ட உறவுக்கும் மெல்லிடை நங்கையின் படம் ஒட்டி விற்கிறார்கள்.

இவை உடலை இளைக்கச் செய்யும் என்பதற்குக் கூறப்படும் காரணம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. கூழ் இரைப்பையை நிரப்பும். வயிறு நிறைந்த உணர்ச்சி தோன்றும். உணவு இரைப்பையிலிருந்து மெல்ல வெளியேறும். சர்க்கரை குருதியில் மெதுவாகச் சேரும். ஆகவே குறைவாக உண்போம். ஆனால் பொருத்தமான காரணம் வேறு, நிகழ்ந்த உண்மை வேறு. அறிவியல் மாணவர்கள் இந்த இடத்தில் சற்றே நின்று கவனிக்கவேண்டும்.

ஒரு பொடியைத் தின்றவர் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தார் என்றால் பொடி குறைத்தது என்று ஆகிவிடாது. பொடி வாங்குகிறவர் அதே நாளில் எண்ணெய்ப் பண்டத்தையும் குறைத்துக்கொள்கிறார். மாலையில் நடக்கவும் தொடங்குகிறார். ஆகவே ஆராய்ச்சியாளர் இரு கூட்டத்தாரை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்திற்கு உண்மைப் பொடியும் மறு கூட்டத்திற்கு அதைப் போலத் தோன்றும் வெற்றுப் பொடியும் கொடுப்பர். எது யாருக்கு என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. இருவரிடையே உள்ள வேறுபாடே பொடியின் பங்கு.

இவ்வாறு குவார் பிசினைக் கொண்டு நடந்த பல சோதனைகளை ஒன்றுசேர்த்து 2001-இல் இரு அறிஞர்கள் வெளியிட்ட முடிவு, உடல் எடையைக் குறைக்க அது பயன்படவில்லை என்பதே. அவர்கள் கண்ட சராசரி வேறுபாடு ஒரு கிலோவில் நூற்றில் நான்கு பங்கு. அஃதாவது 40 கிராம்! ஒரு குவளைத் தண்ணீர் குடித்தால் இதைவிட அதிகம் ஏறிவிடும். குளுக்கோமன்னானின் நிலை சற்றே மேலானது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஒரு கருத்து வெளியிட்டது. பருமனான பெரியவர்கள் உணவின் அளவைக் குறைத்துக்கொண்டு, நாள் ஒன்றுக்கு 3 கிராமை மூன்று வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு வேளையும் உணவுக்கு முன் ஒன்று இரண்டு குவளை நீருடன் உட்கொண்டால், எடை குறைவதற்கு அது துணை செய்யும் என்று கூறியது. ஆனால் 2014-இல் சோதனைகளை மீண்டும் தொகுத்துப் பார்த்த அறிஞர்கள், வெற்றுப் பொடிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 220 கிராமே என்றும், அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்றும் கண்டனர். ஆணையத்தின் கூற்றிலுங்கூட ‘உணவைக் குறைத்துக்கொண்டு’ என்னும் சொற்கள் இருப்பதை நோக்குங்கள். விளம்பரக்காரர்கள் விட்டுவிடுகின்ற சொற்கள் அவைதாம்.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நாரின் மூலப்பொருளாகிய செல்லுலோசைக் கொண்டு செய்த ஒரு கூழ்மாத்திரை. அமெரிக்க அரசு 2019-இல் அதற்கு இசைவு அளித்தது. 436 பேர் 24 வாரம் அச்சோதனையில் ஈடுபட்டனர். இரு கூட்டத்தாரும் தமக்கு வேண்டிய அளவினும் நாள்தோறும் 300 கலோரி குறைவாக உண்டனர். மாத்திரை உண்டவர்கள் தம் எடையில் சராசரியாக நூற்றுக்கு 6.4 பங்கு இழந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்கள்? 4.4 பங்கு! 80 கிலோ எடையுள்ள ஒருவரைக் கொண்டு கணக்கிட்டால் முன்னவர் 5.1 கிலோ, பின்னவர் 3.5 கிலோ இழப்பர். ஏறத்தாழ ஆறு மாத காலத்தில் மாத்திரையின் தனிப் பங்கு 1.6 கிலோ. எஞ்சிய மூன்றரைக் கிலோவும் குறைவாக உண்டதன் பயன், அதற்கு விலையில்லை. அம்மாத்திரையைச் செய்த நிறுவனமும் 2023-இல் நொடித்துப் போயிற்று.

இவ்வளவையும் கேட்ட பெண், “அப்படியானால் இசப்கோலும் வீணா, மாமா? தாத்தா நாள்தோறும் சாப்பிடுகிறாரே” என்று வினவினாள். வீணன்று. அதைச் சொல்லாவிட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். மலச்சிக்கலுக்கு இசப்கோல் காலங்காலமாகப் பயன்பட்டு வருவது. பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை எளிதில் நொதிக்கச் செய்வதில்லை ஆதலால் வாயுத் தொல்லையும் குறைவு. கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளை ஓரளவு குறைக்கும் என்பதும் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டதே. 1998-இல் அமெரிக்க அரசு அதன் உறைமேல் இதய நலம் பற்றிய சொற்களை எழுத இசைந்தது. குசராத்திலும் இராசத்தானத்திலும் விளையும் இச்சிறு செடியின் விதையுறை அந்நாட்டு மருந்துக் கடைகளுக்கும் நம் நாட்டிலிருந்தே போகிறது. தாத்தா தம் குடலுக்காக உண்கிறார். பேத்தி தன் இடைக்காக உண்கிறாள். முன்னதற்குச் சான்று வலியது. பின்னதற்குச் சான்று மெலியது. பொருள் ஒன்றாயினும் கேள்விகள் வேறு.

தீங்கைப் பற்றிய வரலாறும் சிறிது உண்டு. 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் ‘கால்-பான் 3000’ என்ற பெயரில் குவார் பிசின் மாத்திரை பெரும் விளம்பரத்துடன் விற்கப்பட்டது. உண்டவர்களில் பலர் தொண்டையடைத்தும் குடலடைத்தும் மருத்துவமனை சேர்ந்தனர். அரசு தலையிட்டு 1990-இல் விற்பனையைத் தடுத்தது. இம்மாத்திரையால் நேர்ந்த 26 நிகழ்ச்சிகளை ஒரு மருத்துவர் 1992-இல் ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் 18 உணவுக்குழாய் அடைப்புக்கள். நம் பூந்தமல்லித் தோழிக்கு நேர்ந்ததும் அதுவே. இளைக்கும் மருந்துகளில் சேர்க்கலாகாது என 1991-இல் அந்நாடு விலக்கிய 111 பொருள்களில் குவார் பிசினும் ஒன்று. 1993-இல் இசப்கோல் முதலிய எல்லா நீர்ப்பசைகளுக்கும், ‘முழுக் குவளை நீர் இன்றி உண்டால் தொண்டையடைக்கும்’ என்ற எச்சரிக்கையை எழுதவேண்டும் என்று சட்டம் செய்தது. ஆத்திரேலியா 1985-லேயே குளுக்கோமன்னான் மாத்திரைகளுக்குத் தடை விதித்திருந்தது. கொன்சாக்குக் கூழைச் சிறு கிண்ணங்களில் அடைத்துக் குழந்தைகளுக்கு விற்ற தின்பண்டத்தை, மூச்சுக்குழலை அடைக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் தடுத்தது. 2014-இல் அமெரிக்காவில் ஒருவர் உலர்ந்த சியா விதையை ஒரு கரண்டி விழுங்கிப் பின்னர் நீர் குடித்து, மருத்துவமனை சென்ற செய்தி ஒரு மருத்துவ மாநாட்டில் படிக்கப்பட்டது. விதை வேறு, ஊர் வேறு, நடந்தது ஒன்றே.

ஆகவே வகுப்பில் எழுந்த வழக்கிற்கு என் தீர்ப்பு இது. அந்தப் பெண் விதியைப் படிக்கவில்லை, உண்மை. ஆனால் அவசரமாகப் பேருந்தேறும் மாணவர்க்கு ஒரு பொருளை விற்பவர், உயிரைக் காக்கும் ஒரே சொற்றொடரை எறும்பளவு எழுத்தில் பின்புறத்திலும், மெல்லிடையின் படத்தை முன்புறத்தில் முழு அளவிலும் அச்சிடுவாரானால், குற்றத்தின் பெரும்பங்கு அவருடையதே. நம் நாட்டில் இத்தகைய பொருள்கள் மருந்துச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்கீழ் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டிற்கு அன்று என்று உறைமேல் குறிக்கவேண்டும் என்பது அவ்விதி. குறித்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும்.

இன்னும் சில செய்திகள் உண்டு. வேறு மருந்து உண்பவர்கள் இக்கூழுடன் சேர்த்து உண்டால் மருந்தும் கூழில் சிக்கி உடலில் சேராமற் போகலாம். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். இடையே இரண்டு மணி நேரமாவது விடுவது நன்று. நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. சர்க்கரை மிகத் தாழ்ந்துவிடக் கூடும். விழுங்குவதில் முன்பே இடர் உள்ளவர்களும், குடலில் அறுவை செய்துகொண்டவர்களும் இவற்றைத் தொடவே வேண்டா. இசப்கோல் தூசியை நாள்தோறும் மூச்சில் வாங்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் செவிலியர்க்கும் அதனால் ஆஸ்துமா வருவதுண்டு. இவையாவும் உண்மையான நார்ப்பொடியைப் பற்றியவை. ‘இயற்கை’ என்று எழுதி விற்கப்படும் இளைப்புப் பொருள்களுள் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கள்ளத்தனமாகக் கலந்திருந்ததும் வெளிநாடுகளில் பலமுறை கண்டுபிடிக்கப்பட்டுள்ளது. இதயத்திற்குத் தீங்கு என்று அம்மருந்தை நம் அரசு 2011-இல் தடை செய்தது. ஒரு வெறும் நார்ப்பொடி வியக்கத்தக்க விரைவில் இளைக்கச் செய்யுமானால், மகிழ்வதற்கு முன் ஐயுற வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகு நான் முதலிலேயே கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். “அம்மா, உன் எடை என்ன? உயரம் என்ன?” எடை 52 கிலோ, உயரம் 158 செண்டிமீட்டர். எடையை, மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கச் சொன்னேன். 20.8 வந்தது. வயது வந்த இந்தியர்க்கு 23 வரை அது நல்ல அளவு. (பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு இக்கணக்குப் பொருந்தாது, அவர்களுக்கு வயதையொட்டிய வேறு அட்டவணை உண்டு.) அவள் இளைக்க வேண்டியவளே அல்லள்! “எல்லாரும் வாங்கினார்கள், மாமா” என்றாள். அதற்கு வேதியியலில் விடையில்லை.

ஆனால் எடை கூடியவர்கள் நம்மிடையே இல்லையென்று சொல்லமாட்டேன். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். எங்கள் அம்பத்தூரையே பாருங்கள். 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தபோது அதைச் சுற்றி இருந்தவை ஏரிப் பாசன வயல்கள். பேட்டைக்குத் தொழிலாளர்கள் மிதிவண்டியில் வந்தனர். இன்று அப்பேட்டையின் ஒரு பகுதியில் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. உள்ளே ஆயிரக்கணக்கானோர் நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருக்கின்றனர். உணவும் மாறிவிட்டது. ஆடி மாதத்தில் திருவேற்காட்டிலும் சுற்றியுள்ள அம்மன் கோயில்களிலும் ஊற்றுகின்ற கேழ்வரகுக் கூழ், ஒரு காலத்தில் இவ்வூர்களின் அன்றாட உணவு. இன்று அது ஆண்டுக்கு ஒரு முறை வரிசையில் நின்று பெறும் பிரசாதம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம் நார் உண்டு. தீட்டிய பச்சரிசியிலோ மூன்று கிராமுக்கும் குறைவு.

உலக நல நிறுவனம் 2023-இல் கூறிய அளவு, பத்து வயதுக்கு மேற்பட்டவர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார். அதுவும் உணவிலேயே இயல்பாக அமைந்த நார். இது பெரிய அளவாகத் தோன்றலாம். கணக்கிட்டுப் பாருங்கள். உலர்ந்த கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 25 கிராம் நார் இருக்கிறது. ஒரு கைப்பிடி, அஃதாவது 50 கிராம் கடலையைச் சுண்டலாக்கினால் பன்னிரண்டு கிராம் கைக்கு வந்துவிட்டது. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில் எட்டுக் கிராம். கொத்தவரைப் பொரியல் ஒரு கிண்ணம் என்றால் ஐந்து. கணக்கு முடிந்தது. ஒரு தேக்கரண்டி இசப்கோல் தருவது மூன்று அல்லது நான்கு கிராமே. மேலும் சுண்டலை மென்றுதான் தின்னவேண்டும். மெல்லும்போது உமிழ்நீர் கலக்கிறது. நார் முன்பே நீரில் ஊறிப் பருத்துவிட்டது. குவளையில் நாம் செய்த சோதனை சமையலறையில் முந்திய இரவே முடிந்துவிடுகிறது. ஊறவைத்த கடலைக்குத் தொண்டையில் வீங்குவதற்கு வேலை மிச்சமில்லை. ஒன்று மட்டும் சொல்லுவேன்: இதுவரை நார் குறைவாக உண்டவர்கள் ஒரே நாளில் 25 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும். பெருங்குடலின் நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்து, குடலுக்கு நலந்தரும் அமிலங்களையும் கூடவே வாயுவையும் உண்டாக்குகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை, நீரும் கூட்டவேண்டும்.

எடை குறையுமா என்றால், சுண்டலும் மாயம் செய்யாது. மாலையில் எண்ணெய்ப் பலகாரத்தின் இடத்தில் அது அமர்ந்தால் குறையும். அதற்கு மேலும் அமர்ந்தால் குறையாது.

விளக்கு வைக்கும் நேரமாயிற்று. பெண் எழுந்தாள். டப்பாவை என்னிடமே விட்டுவிட்டாள். மாணவர் எவரேனும் வந்தால் சோதனை காட்ட உதவும் என்று நானும் வைத்துக்கொண்டேன். படியிறங்கியவள் திரும்பி, “மாமா, என் தோழி செய்த தவறு, பின்னால் மேலும் மேலும் தண்ணீர் குடித்ததா?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. உலர்ந்த பொடி உள்ளே போகும் முன்னரே நீரில் முழுதும் கலந்திருக்கவேண்டும்; உடனே குடித்து, மேலே இன்னொரு குவளை நீரும் குடிக்கவேண்டும்; படுக்கப் போகும் நேரத்தில் உண்ணலாகாது. அடைத்த பின்போ கதை வேறு. நெஞ்சில் வலி, விழுங்க முடியாமை, உமிழ்நீர் வாயிலிருந்து வழிதல், வாந்தி, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினும் நீரோ சோற்று உருண்டையோ வாழைப்பழமோ கொண்டு தள்ளிவிட முயலாமல், உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். உண்ட பொடியின் டப்பாவையும் கையில் எடுத்துச் செல்லவேண்டும். உள்ளே அடைத்திருப்பது என்ன என்பது மருத்துவருக்கு அப்போதுதான் விரைவில் விளங்கும். தோழி அன்று டப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தாளாம். மருத்துவமனையில் ஒரு மணி நேரத்திற்கு மேல், அவள் விழுங்கியது மீன்முள் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்களாம்.